ஏழாவது பகுதி

பரீட்சையின் ஏழாவது பகுதி தொடங்க இன்னும் பதினோரு நிமிடம் இருந்தபோதுதான் பூங்கோதை அதைப் பார்த்தாள். ஒரு பொட்டு அளவுதான் இருக்கும். பழைய ரத்தமாக இருந்தால் பழுப்பாக இருக்கும். இது சிவப்பாகவே இருந்தது. கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஏழு வாரம் இரண்டு நாள். மனம் முதலில் அந்தக் கணக்கைத்தான் சொன்னது, வார்டில் கேஸ் ஷீட் எழுதும்போது சொல்வதைப் போல, வேறு யாரையோ பற்றிச் சொல்வதைப் போல. முப்பத்து நான்கு வயது, இரண்டாவது கர்ப்பம், முதல் கர்ப்பம் ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது, இன்று மதியத்திலிருந்து ரத்தக் கசிவு. மதியத்திலிருந்தா, அதற்கு முன்பேயா? நான்காவது பகுதி முடிந்து பிஸ்கட் சாப்பிட வந்தபோது பார்த்தாளே, அப்போது ஒன்றும் இல்லை. இல்லையா, சரியாகப் பார்க்கவில்லையா? வலி இருக்கிறதா என்று அடிவயிற்றைக் கவனித்தாள். இருப்பதுபோலும் இருந்தது, இல்லாததுபோலும் இருந்தது. காலை எட்டரையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு இறுகிப் போயிருந்தது. இது அந்த இறுக்கமா, வேறு வலியா? எத்தனை பெண்களிடம் கேட்டிருக்கிறாள், வலி இருக்காம்மா, எந்தப் பக்கம், விட்டு விட்டு வருதா என்று. அவர்கள் யோசித்து யோசித்துப் பதில் சொல்லும்போது, இதுகூடவா தெரியாது என்று உள்ளுக்குள் எரிச்சல்பட்டிருக்கிறாள். இப்போது அவளுக்கும் தெரியவில்லை.

கர்ப்பம் என்று யாருக்கும் தெரியாது. கணவன் நவநீதனுக்கும் தெரியாது. அவன் பொங்கலுக்கு ஈரோட்டுக்கு வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டு அமெரிக்காவுக்கு, கொலம்பஸுக்கு, வேலைக்குத் திரும்பிவிட்டான். பதினோரு நாளுக்கு முன்னால் குளியலறையில் அந்த அட்டையில் இரண்டாவது கோடு விழுந்தபோது அவள் அதைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்து, மாமியார் கேட்டதற்கு, காபி வேண்டாம் அத்தை, வயிறு சரியில்லை என்றாள். சொன்னால் பரீட்சை போய்விடும். யாரும் போகாதே என்று சொல்லமாட்டார்கள். அப்படிச் சொல்கிற வீடு இல்லை அது. தள்ளிப்போட்டுக்கலாமே கண்ணு என்பார்கள், அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் முதலாவது கலைந்தபோது அவள் பெருந்துறையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டர், இருபத்து நான்கு மணி நேர டியூட்டியில் இருந்தாள். வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. அத்தை மட்டும் ரசம் ஊற்றிக்கொண்டே, நின்னுக்கிட்டே இருந்தா என்ன ஆகும் என்று பொதுவாகச் சொன்னாள். மாமா இரண்டு நாள் பேசவேயில்லை. அந்த இரண்டு நாள் மௌனத்தைத்தான் பூங்கோதையால் மறக்க முடியவில்லை. நின்றதால் கலையவில்லை, உட்கார்ந்திருந்தாலும் கலைந்திருக்கும், குரோமோசோம் கோளாறு, பாதிக்கு மேல் அதனால்தான் என்று ஒரு வகுப்பே எடுத்திருக்க முடியும் அவளால். எடுக்கவில்லை. ரசத்தைச் சாப்பிட்டாள். இப்போது அதே மாமாதான் கீழே இருக்கிறார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற சென்னியப்பன், மருமகளைத் தனியாகச் சென்னைக்கு அனுப்பமாட்டேன் என்று கூடவே ரயிலேறி வந்தவர், இந்தக் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். அஞ்சரை ஆகும் மாமா என்று அவள் சொன்னதற்கு, ஆகட்டும் அம்மிணி என்றார். நான்கு மாடிதான் இடையில். கீழே போய், மாமா, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க என்று சொன்னால் போதும். போனால் திரும்பி வர முடியாது. எட்டுப் பகுதியில் ஆறு முடிந்தது, இரண்டு பாக்கி, பாதியில் எழுந்து போனாலும் எழுதியதாகவே பதிவில் நிற்கும். அமெரிக்காவில் விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கிற ஒவ்வொரு மருத்துவமனையிலும், இவள் ஏன் முடிக்கவில்லை என்று கேட்பார்கள், அல்லது கேட்கக்கூட மாட்டார்கள், மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். கைபேசி லாக்கரில் இருக்கிறது. இடைவேளையில் அதைத் தொட்டால் விதிமீறல். தொட்டால்தான் என்ன, யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது?

தேர்வு அறை வாசலில் காலையிலிருந்து ஒரே பெண்தான் இருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, நெற்றியில் சின்னதாக விபூதி. உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் அவள் முன்னால் பாக்கெட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும், உடையின் கையைச் சுருட்டிவிட வேண்டும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சோதிக்கக் கொடுக்க வேண்டும், விரல் ரேகை வைக்க வேண்டும். பூங்கோதை அவளருகே குனிந்து, "உங்ககிட்ட நாப்கின் இருக்குமா?" என்றாள். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "பரீட்சை டென்ஷன்ல முன்னாடியே வந்துடும் மேடம். போன வாரம்கூட ஒருத்தங்களுக்கு இப்படித்தான். வயித்து வலி இருக்கா?" பூங்கோதை, ஆமா, கொஞ்சம் என்றாள். அது பொய்யா உண்மையா என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி கழிப்பறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது மூன்று நிமிடம் மீதி இருந்தது. அப்போதும் கீழே போகலாம் என்று தோன்றியது. லிஃப்ட் எதிரேதான் இருந்தது, அதன் கதவு யாருக்காகவோ திறந்து மூடியது. அவள் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். "ஆல் த பெஸ்ட் மேடம்" என்றாள் அந்தப் பெண், ஆறு முறை சொன்ன அதே குரலில்.

அறுபது நிமிடம், நாற்பது கேள்வி. திரையின் மூலையில் நேரம் ஓடத் தொடங்கியது. முதல் கேள்வி மூச்சுத் திணறலோடு வந்த ஒரு கிழவர். இரண்டாவது, கால் வீக்கம். படித்தாள், விடை தெரிந்தது, அழுத்தினாள். கை தானாகவே போனது, ஆறு மாதமாக விடிகாலையில் எழுந்து பழக்கிய கை. ஆனால் கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே, திரை மாறும் அரை நொடியில், உடம்பு முழுவதும் ஒரே இடத்துக்குப் போய் நின்று கேட்டது. ஈரமாக இருக்கிறதா? கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். நகர்ந்ததால் அதிகமாகுமோ என்று மறுபடி அசையாமல் உட்கார்ந்தாள். அசைவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். படுத்துக் கிடந்தாலும் பயனில்லை, மாத்திரைக்கும் பெரிய பயன் இல்லை. தங்குவது தங்கும், போவது போகும். இதையெல்லாம் எவ்வளவு நிதானமாகச் சொல்லியிருக்கிறாள். பள்ளிபாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், விசைத்தறியில் வேலை, சாப்பாட்டுப் பையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தாள். பயப்படாதீங்கம்மா, இப்படி வர்றதுல பாதிப் பேருக்கு நின்னு, நல்லபடியா குழந்தை பொறந்துரும் என்று அவளிடம் பூங்கோதை சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, மீதிப் பாதிப் பேருக்குங்க என்று கேட்டாள். வாதாடுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். அப்போது நர்ஸ் வந்து வேறெதற்கோ கூப்பிட்டுவிட்டாள், பூங்கோதை எழுந்து போய்விட்டாள். திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அப்புறம் அவளுக்கு என்ன ஆனது? பார்க்கவேயில்லை. டியூட்டி முடிந்து பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து படித்தாள். முகம்கூட நினைவில்லை. அந்தப் பை நினைவிருக்கிறது, பச்சை ஒயரில் பின்னியது. கேள்வி எண் ஒன்பது. மீதி நேரம் நாற்பத்து நான்கு நிமிடம் என்று இருந்தது. ஒன்பதுக்கு இவ்வளவு நேரமா? இரண்டு கேள்விக்கான நேரம் எங்கேயோ போயிருந்தது. ஏ.சி. நேராகத் தலையில் இறங்கியது. பக்கத்துத் தடுப்பில் ஒருவர் வேறு ஏதோ பரீட்சைக்காக விசைப்பலகையில் தட்டிக்கொண்டே இருந்தார், மழை தகரத்தில் விழுவதைப் போல.

எதற்கு இந்தப் பரீட்சை என்று யாராவது கேட்டால் அவள் ஒரு பதில் வைத்திருந்தாள். மூன்று வருடம் இங்கே மேற்படிப்புக்கு எழுதி, இடம் கிடைக்கவில்லை. கணவன் அங்கே இருக்கிறான். அங்கே டாக்டராக இருக்க வேண்டுமென்றால் ரெசிடென்சி என்று மூன்று வருடம் ஏதாவது ஒரு மருத்துவமனையில் பயிற்சி எடுத்தே ஆகவேண்டும், எடுக்காதவரை இங்கே படித்ததும் பார்த்ததும் அங்கே செல்லாது. அந்தப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள இந்தப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வேண்டும். இது எல்லாருக்கும் புரியும் பதில். உண்மையான காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. போன வருடம் ஐந்து மாதம் கொலம்பஸில் நவநீதனோடு இருந்தாள். அடுக்குமாடி வாசலில் ஒரு சாயங்காலம், மூன்று வயதுக் குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. தாய் குழந்தையை நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தாள். பூங்கோதை ஓடிப்போய் வாங்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் கைவைக்க வந்தவரைத் தடுத்து, நேரத்தைப் பார்த்து, இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றதும் மூச்சைப் பார்த்து எல்லாம் செய்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து இறங்கியவன் அவளைப் பார்த்து, நீங்கள் டாக்டரா என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். அவள் இல்லை என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? லைசன்ஸ் இல்லை, ஏதாவது சிக்கல் வரும், நவநீதனின் விசா என்று அந்த ஒரு நொடிக்குள் எத்தனையோ ஓடியது. ஆனால் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல். அவன் சரி என்று அவளைத் தாண்டிப் போய், குழந்தையின் தாயிடம் பேசினான். அவள் புல்லில் உட்கார்ந்தபடியே இருந்தாள். அன்றைக்கு இரவு சப்பாத்தி போட்டுக்கொண்டே நவநீதனிடம், கீழே ஒரு குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்துச்சு என்று மட்டும் சொன்னாள். அடுத்த மாதம் ஊருக்கு வந்து புத்தகத்தை எடுத்தாள். அந்த 'இல்லை'யை அழிப்பதற்குத்தான் இவ்வளவும். அதற்காக இந்தக் கருவை விட்டுக்கொடுப்பாளா? விட்டுக்கொடுக்கிறாளா இப்போது? இல்லை, இங்கே உட்கார்ந்திருப்பதால் எதுவும் போகாது, எழுந்து போவதால் எதுவும் தங்காது, மருத்துவம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அத்தை முன்னால் மருத்துவம் வந்து நிற்குமா? பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள் என்ற ஒரு வாக்கியம்தான் நிற்கும். அத்தை சொல்ல வேண்டாம், அவளே தனக்குச் சொல்லிக்கொள்வாள், ரசம் ஊற்றும்போதெல்லாம்.

இருபத்து மூன்றாவது கேள்வி. முப்பது வயதுப் பெண், ஒன்பது வார கர்ப்பம், இன்று காலையிலிருந்து ரத்தக் கசிவு. பூங்கோதை வாசிப்பதை நிறுத்திவிட்டாள். இப்படி ஒரு கேள்வி வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, எல்லாப் பயிற்சித் தாளிலும் வருவதுதான், நூறு தடவை விடை எழுதியிருக்கிறாள். கருப்பை வாய் மூடியிருக்கிறது. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. ஸ்கேனில் கருவின் இதயத்துடிப்பு தெரிகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்? ஐந்து விடைகள். சரியான விடை நான்காவது: தைரியம் சொல்லி அனுப்பி, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது. அழுத்த வேண்டியதுதான். அவள் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிகிறது. அந்தப் பெண்ணுக்கு யாரோ ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். யாரோ கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், அவள் படுத்திருக்கிறாள், ஒருவர் திரையைப் பார்த்து, துடிக்குதும்மா என்று சொல்லியிருக்கிறார். இல்லாத ஒரு பெண், ஒரு கேள்விக்காக உண்டாக்கப்பட்டவள், அவளைப் பார்த்துப் பூங்கோதைக்குப் பொறாமையாக இருந்தது. துடிப்பு தெரியவில்லை என்று இருந்தால் விடை வேறு. கருப்பை வாய் திறந்திருந்தால் வேறு. தன்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது முதல் வரி மட்டும்தான். வயது, வாரம், ரத்தம். அதற்கு மேல் கேள்வியே முடிக்கப்படாமல் நிற்கிறது. இத்தனைக்கும் உள்ளே இருப்பது அவளுக்குள்தான் இருக்கிறது, அவள் விரலைவிடச் சின்னதாக, அவளுக்குத் தெரியாமல் இருந்துகொண்டோ போய்க்கொண்டோ. போய்விட்டதா? சொல்லாமலேவா? இல்லை, நான்தானே சொல்லவில்லை, உன்னைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை, பதினோரு நாளாக உன்னை ஒளித்துவைத்தேன், அதனால்தான் நீ... அவள் தலையை அசைத்தாள். இது என்ன பேச்சு. நான்காவதை அழுத்தினாள். மீதி நேரம் இருபத்தொரு நிமிடம், இன்னும் பதினேழு கேள்வி. அப்போது அடிவயிற்றில் ஒரு இழுப்பு வந்தது. இந்த முறை சந்தேகம் இல்லை, வந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எண்ணினாள். பன்னிரண்டு, பதின்மூன்று. விட்டது. மறுபடி வருமா என்று காத்திருந்தாள். கேள்வி காத்திருந்தது. வரவில்லை. வரவில்லை என்றால் நல்லது, வந்துவிட்டுப் போனது என்றால்? கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு ஊழியர் அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. கையை உயர்த்தினால் அவர் வருவார். கையை உயர்த்தவில்லை. அடுத்த கேள்வியைப் படித்தாள், மறுபடி படித்தாள், மூன்றாம் முறை படித்தபோதுதான் அது ஒரு முழங்காலைப் பற்றியது என்று புரிந்தது.

ஏழாவது பகுதி முடிந்தபோது கடைசி மூன்று கேள்வியைப் படிக்காமலேயே அழுத்தியிருந்தாள். எட்டு நிமிட இடைவேளை பாக்கி இருந்தது. கழிப்பறைக்குப் போகலாம், பார்க்கலாம். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் எட்டாவது பகுதியை எழுத முடியாது, புதிதாக ரத்தம் இல்லை என்று தெரிந்தாலும் எழுத முடியாது, மனம் கேள்வியில் நிற்காது. பார்க்கவேண்டாம் என்று முடிவு செய்தாள். அவள் வாழ்க்கையில் ஒரு டாக்டராக இப்படி ஒரு முடிவை எடுத்ததில்லை. இடைவேளையைத் தள்ளிவிட்டு எட்டாவதைத் தொடங்கினாள். அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்று பிறகு கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. ஒரு கேள்விகூட நினைவில் தங்கவில்லை. பயம் ஒரு சத்தம்போல ஒரே அளவில் இருந்துகொண்டே இருந்தது, அதற்குப் பழகிப் போய் அதன்மேலேயே எழுதினாள். முடிந்தது என்று திரை சொன்னபோதும் கொஞ்ச நேரம் எழாமல் இருந்தாள், எழுந்தால் என்ன நடக்கும் என்று பயந்து.

பேக்கரி வாசலில் சென்னியப்பன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். "முடிஞ்சுதா அம்மிணி? காப்பி சொல்லட்டுமா?"

"மாமா, ஸ்கேன் எடுக்கோணும். உடனே."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "என்னாச்சு?"

"ஏழு வாரம் ஆகுதுங்க மாமா. மூணு மணிக்கு ரத்தம் பட்டுச்சு. யாருகிட்டயும் சொல்லலீங்க."

ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று எதிர்பார்த்து அவள் நின்றாள். மூணு மணிக்கா, அப்பவே ஏன் வரவில்லை என்று கேட்பார். அவர் சாலைக்கு இறங்கி, வந்த ஆட்டோவின் குறுக்கே போய் நின்றார். "கோடம்பாக்கத்துல ஒரு ஸ்கேன் சென்டர் இருக்குதுன்னு அந்தக் கடைக்காரர் கம்பியூட்டர் பரீட்சைக்கு வந்த வேற யாருகிட்டயோ சொல்லிட்டிருந்தாரு. அங்க போலாமா, பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிரலாமா? நீதான் டாக்டரு, நீ சொல்லு."

"அங்கயே போலாங்க மாமா."

ஒரு பள்ளத்தில் ஆட்டோ குதித்தபோது அவர் ஓட்டுநரின் தோளைத் தொட்டு, மெதுவாப் போங்க தம்பி என்றார். அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு, இந்தக் குலுக்கல் ஒன்றும் செய்யாது, இந்தக் குலுக்கல் ஒன்றும் செய்யாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் அவர் வெளியே பார்த்தபடி, "போன தடவை எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. என்ன சொன்னாலும் உனக்கு நோகும்னு வாயத் தொறக்கலை" என்றார்.

ஸ்கேன் அறையில் இருந்த பெண் டாக்டர் அவளைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். திரை பூங்கோதைக்குத் தெரியும்படிதான் இருந்தது. பார்த்தால் முதல் நொடியிலேயே புரிந்துவிடும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெல் சில்லென்று இருந்தது. கருவி அழுத்தி நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. அந்த டாக்டர் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று பூங்கோதைக்குத் தெரியும். அவளும் எத்தனையோ முறை பேசாமல் இருந்திருக்கிறாள்.

"ஹார்ட் பீட் இருக்கும்மா. நூத்திப் பதினாலு. கண்ணைத் தொறந்து பாருங்க."

பார்த்தாள். அரிசி அளவுக்கு ஒன்று, அதன் நடுவே விடாத துடிப்பு. பக்கத்தில் கறுப்பாக ஒரு பிறை.

"ரத்தம் கட்டியிருக்கு இல்ல?" என்றாள்.

"ஆமா, கொஞ்சம். நீங்க டாக்டரா?"

"ஆமா" என்றாள் பூங்கோதை. "டாக்டர்தான்."

"அப்ப உங்களுக்கே தெரியும். கரைஞ்சும் போகலாம். அடுத்த வாரம் ஒரு தடவை பாத்துடலாம். இப்ப எதுவும் உறுதியாச் சொல்ல முடியாது."

வெளியே வந்தபோது சென்னியப்பன் செருப்பைப் போடாமல் நடைபாதையில் நின்றிருந்தார். அவள் சொன்னதைத் தலைகுனிந்து முழுக்கக் கேட்டார். கறுப்புப் பிறையைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள். "செரி" என்றார். பிறகு, "நவநீதனுக்கு இப்ப அங்க காலையில எட்டு மணி இருக்குமில்ல? நீயே சொல்லிரு. நான் முந்திக்கிட்டா நல்லாருக்காது. நான் எளநி வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லி, சாலையைக் கடந்து போனார். வண்டிக்காரரிடம் எதையோ விசாரிப்பதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவள் கைபேசியை எடுத்தாள். மணி மூன்று முறை அடித்தது. "முடிஞ்சுதா? எப்படி எழுதின?" என்றான் நவநீதன், அவசரமாக, காரில் இருப்பான் போலிருந்தது. நன்றாக எழுதினேன் என்று சொல்லலாம். ஒரு நல்ல சேதி என்று ஆரம்பிக்கலாம். ஒன்றும் கவலைப்படாதே என்று தொடங்கி, வாரம், துடிப்பு, அளவு என்று வரிசையாக, கேஸ் சொல்வதைப் போலச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வது அவளுக்கு எளிது.

"வண்டியை ஓரமா நிறுத்து நவநீ" என்றாள். அவன் நிறுத்தும்வரை காத்திருந்தாள். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."